ஈ, தா, கொடு

விவேக் நகரில் ஏதேனும் ஒரு மளிகைக் கடையின் முன் மாலை வேளையில் சிறிது நேரம் நின்று கேளுங்கள். ஒருவர் கன்னடத்தில் 'சக்கரெ கொடி' என்பார். அடுத்தவர் தெலுங்கில் 'இவ்வண்டி' என்பார். மலையாளம் பேசுபவர் 'தரூ' என்பார். தமிழ் பேசும் அம்மா ஒருவர் 'அரைக் கிலோ தாங்க' என்பார். பள்ளிச் சீருடையில் வந்த பிள்ளையோ ஆங்கிலத்தில் 'கிவ்' என்று சொல்லி முடித்துவிடும். ஐவருக்கும் கிடைப்பது ஒரே சர்க்கரைதான். ஆனால் அவர்கள் கேட்ட சொற்கள் ஐந்தும் ஒன்றல்ல. அவற்றுள் நான்கு, நம் மொழியின் மிகப் பழைய மூன்று வினைச்சொற்களோடு உறவுடையவை. அந்த மூன்று சொற்களைப் பற்றியதே இப்பாடம். அவற்றை அறிய, முதலில் ஆங்கிலச் சொல்லிலிருந்து தொடங்குவோம்.

ஒரு சொல், பல வேலை

ஆங்கிலத்தில் நாள்தோறும் வழங்கும் வினைச்சொற்களுள் 'கிவ்' ஒன்று. சிறிய சொல், ஆனால் ஓய்வறியாத சொல். பரிசைக் கொடுப்பதும் அதுவே. சொற்பொழிவு ஆற்றுவதும் அதுவே. பெருமூச்சு விடுவதும் அதுவே. குழந்தை பெறுதல், நேரம் ஒதுக்குதல், பெயர் சூட்டுதல், விருந்து வைத்தல் ஆகிய அனைத்திற்கும் அது வந்து நிற்கும். பின்னால் ஒரு சிறு சொல்லைச் சேர்த்தால் பொருள் முற்றிலும் மாறிவிடும். 'அப்' சேர்ந்தால் கைவிடுதல். 'இன்' சேர்ந்தால் பணிதல். 'ஆஃப்' சேர்ந்தால் மணத்தையோ வெப்பத்தையோ வெளிவிடுதல். சாலையோரப் பலகையில் 'கிவ் வே' என்று இருந்தால் 'வழிவிடுக' என்று பொருள். ஒரு பழைய பாலம் 'கிவ் வே' ஆயிற்று என்று செய்தித்தாளில் படித்தால், அது இடிந்து விழுந்தது என்று பொருள்.

இத்தனை பொருள்களையும் தமிழில் 'கொடு' என்னும் ஒரே சொல்லால் ஈடுகட்ட முயல்வதுதான் நகரத்தில் வளரும் பிள்ளைகளிடம் நாம் காணும் பழக்கம். 'ஸ்பீச் கொடுத்தேன்', 'கால் கொடுத்தேன்', 'கம்பெனி கொடுத்தேன்' என்பன வகுப்பறையில் நாள்தோறும் காதில் விழுகின்றன. தமிழில் உரை ஆற்றுகிறோம், தொலைபேசியில் அழைக்கிறோம், ஒருவருக்குத் துணையாக இருக்கிறோம். எல்லாவற்றிலும் வியப்பானது 'எக்ஸாம் கொடுத்தேன்' என்பது. இந்தியில் தேர்வைக் 'கொடுப்பது' வழக்கம். அது அம்மொழிக்கு இயல்பு. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் ஊரிலுள்ள தாத்தாவிடம் 'இன்று கணக்குத் தேர்வு கொடுத்தேன்' என்று சொல்லிப் பாருங்கள். யாருக்குக் கொடுத்தாய் என்று அவர் கேட்டாலும் கேட்பார். தமிழில் ஆசிரியர் தேர்வு வைக்கிறார். மாணவர் தேர்வு எழுதுகிறார். இருவரும் தேர்வைக் கொடுப்பதில்லை.

இடையில் ஒரு செய்தி. 'கிவ்' என்னும் சொல்லின் முதல் ஒலி ஆங்கிலத்தின் சொந்த ஒலி அன்று. பழைய ஆங்கிலத்தில் அச்சொல் 'யிவ்' என்பதுபோல் ஒலித்தது. கடல் கடந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய வடநாட்டு வைக்கிங் மக்களின் பேச்சால் அது 'கிவ்' என்று மாறி நிலைத்தது. குடியேறியவர்கள் தாம் வந்த ஊரின் மொழியை மாற்றியும் இருக்கிறார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த செருமானிய மொழியில் 'கிஃப்ட்' என்றால் நஞ்சு! 'கொடுக்கப்பட்டது' என்ற பழம்பொருள் மருந்தின் அளவைக் குறித்து, பிறகு நஞ்சைக் குறித்து நின்றுவிட்டது. செருமனியிலிருந்து வரும் நண்பருக்கு அச்சொல் எழுதிய பொட்டலத்தை நீட்டும் முன் சற்று எண்ணிப் பாருங்கள்.

உணவைக் கொடுக்கும் சொற்கள்

தமிழ் ஒரு செயலை எவ்வளவு நுட்பமாகப் பிரித்துப் பார்க்கிறது என்பதற்குச் சமையலறையே சிறந்த சான்று. ஆங்கிலத்தில் யாருக்கு உணவு கொடுத்தாலும் 'கிவ்' போதும். தமிழில் வாங்குபவர் யார் என்று பார்த்த பிறகே வினைச்சொல் பிறக்கிறது.

கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறோம். அதே குழந்தைக்கு மருந்தையோ கஞ்சியையோ சங்கில் எடுத்துப் புகட்டுகிறோம். ஊட்டுதலில் குழந்தை வாய் திறக்கிறது. புகட்டுதலில் நாம்தான் உள்ளே செலுத்துகிறோம். அறிவுரையைப் 'புகட்டினார்' என்று சொல்வதும் இதனால்தான். பிள்ளை விரும்பி வாய் திறக்கவில்லை என்பது அச்சொல்லிலேயே தெரிகிறது! விருந்தினருக்கு இலையில் பரிமாறுகிறோம். தெய்வத்திற்குப் படைக்கிறோம். படைத்தது படையல். காக்கைக்குச் சோறு வைக்கிறோம். கோழிக்கு இரை போடுகிறோம். மாட்டுக்குத் தீவனம் வைக்கிறோம். வாசலில் வந்து நிற்பவருக்குப் பிச்சை இடுகிறோம். கோடையில் பந்தல் அமைத்து வழிப்போக்கருக்கு நீர்மோர் வழங்குகிறோம். நண்பனுக்கு முறுக்கில் பாதியைக் கொடுக்கிறோம்.

இச்சொற்களை இடம் மாற்றிப் பாருங்கள். 'காக்கைக்குப் பரிமாறினேன்' என்றால் கேட்பவர் சிரிப்பார். 'விருந்தினருக்குத் தீவனம் வைத்தேன்' என்றால் சிரிக்க மாட்டார், எழுந்து போய்விடுவார். 'பாட்டிக்குச் சோறு போட்டேன்' என்பது பல வீடுகளில் இயல்பான பேச்சு. ஆயினும் 'பாட்டிக்குப் பரிமாறினேன்' என்பதில் இருக்கும் மதிப்பு அதில் இல்லை. உடல் நலம் குன்றிய பாட்டிக்கு நீங்களே கரண்டியால் கொடுத்தீர்களானால் 'ஊட்டினேன்' என்பதே சரி. ஒரே பாட்டி, ஒரே சோறு. மூன்று வினைகளும் மூன்று நிலைமைகளைச் சொல்கின்றன. அகராதியில் இவை அனைத்தையும் ஒரே பொருளுடைய சொற்கள் என்று ஒரு வரியில் அடுக்கியிருப்பதைக் காணலாம். அந்த அடுக்கு தேர்வுக்குப் பயன்படும், பேச்சுக்குப் பயன்படாது.

தொல்காப்பியர் கண்ட மூன்று

இன்று நமக்குக் கிடைத்துள்ள தமிழ் நூல்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது தொல்காப்பியம். அதன் சொல்லதிகாரம் ஒன்பது இயல்களை உடையது. அவற்றுள் கடைசியான எச்சவியலில், ஒருவர் மற்றொருவரிடம் ஒன்றைக் கேட்கும்போது பயன்படுத்தும் சொற்கள் மூன்று என்கிறார் தொல்காப்பியர். அவை ஈ, தா, கொடு. கேட்பவர் கொடுப்பவரைவிடத் தாழ்ந்த நிலையில் இருந்தால் 'ஈ' என்பார். ஒத்த நிலையில் இருந்தால் 'தா' என்பார். உயர்ந்த நிலையில் இருந்தால் 'கொடு' என்பார்.

கவனியுங்கள்: கேட்கப்படும் பொருள் எது என்பதை அவர் பார்க்கவில்லை. பொன்னாயினும் சோறாயினும் சொல் மாறாது. கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் இடையிலுள்ள உறவைப் பொறுத்தே சொல் மாறுகிறது. வறுமையுற்ற புலவர் அரசனிடம் 'ஈ' என்பார். தோழன் தோழனிடம் 'தா' என்பான். அரசன் ஏவலரிடம் 'கொடு' என்பான்.

அதே நூலின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில் வேறொரு விதி இருக்கிறது. வருதல், தருதல் ஆகிய இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்லுதல், கொடுத்தல் ஆகிய இரண்டும் படர்க்கைக்கு உரியவை. அதாவது, பொருள் என்னிடமோ உன்னிடமோ வந்து சேர்ந்தால் 'தா'. மூன்றாம் ஆளிடம் போய்ச் சேர்ந்தால் 'கொடு'. 'எனக்குத் தந்தான்', 'உனக்குத் தந்தான்', 'அவனுக்குக் கொடுத்தான்' என்பதே பழைய முறை. வா, தா என்பன ஒரே சாயலில் இருப்பது தற்செயல் அன்று. வா – வருகிறேன் – வந்தேன். தா – தருகிறேன் – தந்தேன். இரண்டும் இங்கு நோக்கி வரும் அசைவைச் சொல்கின்றன.

இப்போது கூர்மையான மாணவர் ஒருவர் கையை உயர்த்த வேண்டும். 'கொடு' படர்க்கைக்கு உரியது என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டு, உயர்ந்தவர் தமக்காகக் கேட்கும்போது 'கொடு' என்பார் என்று இன்னோரிடத்தில் சொல்வது முரண் அல்லவா? தனக்காகக் கேட்பது தன்மை ஆயிற்றே?

இந்தக் கேள்வி தொல்காப்பியருக்கே தோன்றியிருக்கிறது. அவர் தரும் விடை அழகானது. உயர்ந்தவர் தமக்காகக் கேட்கும்போது, தம்மையே வேறொருவர்போல எண்ணிக் கேட்கிறார் என்கிறார் அவர். 'எனக்கு' என்று கையேந்த அவருக்கு மனம் வரவில்லை. தம்மைத் தாமே ஒரு மூன்றாம் ஆளாக்கிக்கொண்டு 'கொடு' என்கிறார். கேட்பது யாருக்கும் கூச்சம் தருவது. பெருமையுடையவருக்கு இன்னும் கூச்சம் தருவது. அந்தக் கூச்சத்தை ஓர் இலக்கண விதி கண்டு எழுதி வைத்திருக்கிறது. மொழியாசிரியனாக இத்தனை ஆண்டுகள் பணியாற்றியும் இந்த விதியை நடத்தும்போதெல்லாம் எனக்கு வியப்புக் குறைவதில்லை.

கேட்பதும் கொடுப்பதும் பற்றிய இந்தக் கூர்மை இலக்கணத்தில் மட்டும் இல்லை. கழைதின் யானையார் என்னும் புலவர் வல்வில் ஓரியை நோக்கிப் பாடிய புறநானூற்றுப் பாடல் ஒன்று (204) இதே இரு வினைகளை எடைபோடுகிறது. ஒருவரிடம் போய்க் கேட்பது தாழ்வு. கேட்டவருக்கு இல்லை என்று மறுப்பது அதைவிடத் தாழ்வு. எடுத்துக்கொள் என்று தாமே நீட்டுவது உயர்வு. நீட்டியதை வேண்டா என்று சொல்வது அதைவிட உயர்வு. பரிசு வேண்டிச் சென்ற புலவர் ஒருவரே இப்படிச் சொன்னார் என்பதை மறவாதீர்கள். அவருக்குப் பசி இருந்தது, தன்மானமும் இருந்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலும் ஈ, தா, கொடு பற்றி இதே கருத்தைச் சொல்கிறது. இந்நூல் நமக்கு வேறொரு வகையிலும் நெருக்கமானது. பவணந்தியாரை நூல் செய்யுமாறு வேண்டியவன் சீயகங்கன் என்னும் கங்கர் குலத்துச் சிற்றரசன். கங்கர்களின் பழைய தலைநகர் குவளாலபுரம். அதுவே இன்றைய கோலார். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவு. தமிழ்நாட்டில் இலக்கணம் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் கற்கும் நூலுக்கு ஆதரவளித்தவன், நீங்கள் வாழும் இந்நிலப்பகுதியோடு தொடர்புடையவன். அந்நூல் கணக்கிட்ட ஓரெழுத்து ஒருமொழிகள் 42. அவற்றுள் ஈ, தா இரண்டும் அடங்கும்.

அண்டை வீட்டு மொழிகள்

இந்த மூன்று சொற்களும் தமிழில் மட்டும் இல்லை. ஒரு குடும்பத்தின் பாத்திரங்களைப் பாகம் பிரித்துக்கொண்டதைப்போல, அண்டை மொழிகள் இவற்றைப் பகிர்ந்துகொண்டுள்ளன.

தெலுங்கில் கொடுத்தலைக் குறிக்கும் முதன்மைச் சொல், நம் 'ஈ' என்பதன் உறவுச் சொல். கடையில் நீங்கள் கேட்கும் 'இவ்வண்டி' அதிலிருந்து வந்ததே. தமிழில் 'ஈ' செய்யுளுக்குள் ஒதுங்கிவிட, தெலுங்கில் அது இன்றும் தெருவில் நடமாடுகிறது.

கன்னடத்தில் 'கொடு' நிலைத்தது. பேருந்தில் நடத்துநர் 'சில்லரெ கொடி' என்றால், சில்லறை கொடுங்கள் என்று பொருள். தமிழ்க் காதுக்கு அந்தக் 'கொடி' தேசியக் கொடியாகவோ முல்லைக் கொடியாகவோ கேட்கும். 'நானு கொட்டெ' என்றால் நான் கொடுத்தேன் என்று பொருள்; எதையும் கீழே கொட்டிவிடவில்லை. கன்னடத்தில் 'தா' என்ற சொல்லும் உண்டு. ஆனால் அங்கு அதன் பொருள் 'கொண்டு வா'. 'நீரு தா' என்று கன்னடத்தில் சொன்னால் தண்ணீர் கொண்டு வா என்று பொருள். தமிழில் 'நீர் தா' என்றால் தண்ணீரைக் கொடு என்று பொருள். என்னிடம் கொண்டு வருவதும் எனக்குத் தருவதும் ஒரே செயலின் இரு பக்கங்கள் அல்லவா? 'தா' என்பது இங்கு நோக்கிய அசைவு என்று தொல்காப்பியர் சொன்னதற்குப் பக்கத்து வீட்டிலேயே சான்று இருக்கிறது.

மலையாளமோ தொல்காப்பியர் விதியை இன்றளவும் பேச்சில் காத்துவருகிறது. எனக்கும் உனக்கும் 'தருக'. அவனுக்கும் அவளுக்கும் 'கொடுக்குக'. இதை மாற்றிச் சொன்னால் மலையாளக் குழந்தைகூடத் திருத்திவிடும். தமிழில் இவ்வேறுபாடு மங்கிவிட்டது. 'எனக்குக் கொடு' என்றும் பேசுகிறோம். பொருள் விளங்கவும் செய்கிறது. என் கருத்து இது: யார் உயர்ந்தவர், யார் தாழ்ந்தவர் என்று பார்த்துச் சொல்லை மாற்றும் விதியை இன்று நாம் கடைப்பிடிக்க வேண்டியதில்லை, அதை வரலாறாகக் கற்றால் போதும். ஆனால் என்னிடம் வருகிறதா, அவரிடம் போகிறதா என்று பார்க்கும் விதியைக் கைவிடலாகாது. 'புத்தகத்தை எனக்குத் தா. படித்துவிட்டு அவளுக்குக் கொடுக்கிறேன்' என்ற வாக்கியத்தில் புத்தகம் போகும் வழி கண்ணுக்குத் தெரிகிறது.

உயர்வு தாழ்வு போயிற்று என்றால் மரியாதையும் போயிற்று என்று பொருளில்லை. அது வினையின் இறுதிக்கு இடம் மாறியிருக்கிறது. எழுத்தில் 'தாருங்கள்', பேச்சில் 'தாங்க', யாழ்ப்பாணத்தில் 'தாங்கோ', திருநெல்வேலிப் பக்கம் 'தாரும்' என அது வாழ்கிறது. அத்தையிடமும் கடைக்காரரிடமும் ஆட்டோ ஓட்டுநரிடமும் பேசும்போது அந்த இறுதியை விழுங்கிவிடாதீர்கள்.

இங்கு ஓர் எச்சரிக்கை. தானம் என்னும் சொல் வடமொழியிலிருந்து வந்தது. அதன் வேரும், ஆங்கிலத்தில் 'டொனேட்', 'டேட்டா' என்னும் சொற்களுக்கு மூலமான இலத்தீன் வேரும் ஒன்றே. 'டேட்டா' என்றால் இலத்தீனில் 'கொடுக்கப்பட்டவை'. இந்தியின் 'தேனா' என்பதும் அந்தக் குடும்பமே. தமிழின் 'தா' இவற்றைப்போல் ஒலிப்பதால் இதுவும் அந்த வேரே என்று எண்ணிவிடக் கூடாது. தா, தரு, தந்து என்னும் வடிவங்கள் வா, வரு, வந்து என்பவற்றோடு சேர்ந்து நடப்பவை. ஒலி ஒற்றுமை மட்டும் உறவாகிவிடாது. ஆயினும் ஒரு வேடிக்கை: கணினித் தமிழில் 'டேட்டா' என்பதற்கு நாம் வழங்கும் சொல் 'தரவு'. அதுவும் 'தரப்படுவது' என்றே பொருள்படும்.

ஈகையும் கொடையும்

'ஈ' என்னும் வினையை இன்று யாரும் கடையில் சொல்வதில்லை. சொன்னால் கடைக்காரர் பூச்சியைத் தேடுவார். எனினும் அதன் பெயர்ச்சொற்கள் உயிருடன் உள்ளன. இரக்கமற்றவனை 'ஈவிரக்கம் இல்லாதவன்' என்கிறோம். கணக்கில் 20 ஐ 5 ஆல் வகுத்தால் கிடைக்கும் 4 என்பதற்கு 'ஈவு' என்று பெயர். இருபது பழங்களை ஐவருக்குச் சமமாகப் பகுத்துக் கொடுத்தால் ஒருவருக்குச் சேரும் பங்கு அது. கணக்கை ஆங்கிலத்தில் கற்கும் உங்களுக்கு இச்சொல் புதிதாக இருக்கலாம்.

திருக்குறளின் 23 ஆம் அதிகாரம் ஈகை. வறியவர்க்குக் கொடுப்பது ஒன்றே ஈகை; மற்றவை எல்லாம் திரும்பி வரும் என்று எண்ணிக் கொடுப்பவை என்று அதன் முதற்குறள் வரையறுக்கிறது. அந்த இரண்டாம் வகைக்கு வள்ளுவர் வழங்கும் சொல் 'குறியெதிர்ப்பை'. அளந்து வாங்கி அதே அளவு திருப்பித் தருவது என்பது அதன் பொருள். அடுக்ககத்தில் எதிர்வீட்டாரிடம் ஒரு கிண்ணம் சர்க்கரை வாங்கி, மறுநாள் அதே கிண்ணத்தில் திருப்பித் தருகிறீர்களே, அதுதான் குறியெதிர்ப்பை. அது நல்ல பழக்கமே. ஆனால் ஈகை அன்று.

கொடை என்பது ஈகையைவிட விரிந்தது. வறியவர்க்கு மட்டுமன்றிப் புலவர்க்கும் கலைஞர்க்கும் ஊருக்கும் கொடுப்பது கொடை. நன்கொடை, குருதிக்கொடை என இன்றும் வழங்குகிறது. படர்வதற்குக் கொழுகொம்பு இன்றி வாடிய முல்லைக்குத் தேரைக் கொடுத்த பாரியின் செயலையும், மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனின் செயலையும் 'கொடைமடம்' என்பர். மடம் என்றால் அறியாமை. முல்லைக்கு ஒரு சிறு கொம்பு போதுமே, தேர் எதற்கு என்று கணக்குப் பார்க்கத் தெரியாத அந்த அறியாமையைத் தமிழர் குறையாகச் சொல்லவில்லை. வள்ளலுக்கு அழகு என்றனர்.

கொடுத்தலின் தொடர்கள்

'கொடு' என்னும் வினை பிற வினைகளோடு சேரும்போது மேலும் வளம் பெறுகிறது. கற்றுக்கொள் என்பதற்கு எதிர்நடை கற்றுக்கொடு. 'கொள்' செயலை என்னை நோக்கித் திருப்புகிறது. 'கொடு' பிறரை நோக்கித் திருப்புகிறது. பாட்டைச் சொல்லிக்கொடுத்தாள், மேடையில் மறந்த வரியை எடுத்துக்கொடுத்தான், ஒளிந்திருந்தவனைக் காட்டிக்கொடுத்தான். இதற்கு ஆங்கிலமும் 'கிவ் அவே' என்று கொடுத்தலையே சொல்கிறது. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ஒரே எண்ணத்தில் வந்து நிற்பது அரிது, இங்கு நின்றிருக்கின்றன.

'விட்டுக்கொடு' என்பதில் நிற்கவில்லை. ஆங்கிலத்தில் இதற்கு நேராகச் சொல்லப்படும் 'கிவ் இன்' தோல்வியின் சாயல் உடையது. எதிர்த்து முடியாமல் பணிந்துபோவது அது. தமிழில் விட்டுக்கொடுப்பவர் தோற்றவர் அல்லர். தம்மிடம் இருக்கும் உரிமையைத் தாமே தளர்த்திப் பிறருக்கு அளிப்பவர். சன்னலோர இருக்கையைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்த அண்ணனிடம் 'நீ தோற்றுவிட்டாய்' என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே இச்சொல்லை மொழிபெயர்க்கும்போது விழிப்பாக இருங்கள். ஒருவரையும் விட்டுக்கொடுக்காமல் பேசினார் என்றால் பொருள் வேறு: பிறர் முன்னிலையில் தம்மவரைக் குறைத்துப் பேசவில்லை என்பது அது.

உடலுறுப்புகளைக் கொடுப்பது தமிழருக்குப் பெரு விருப்பம் போலும். உதவுவது கைகொடுத்தல், துன்பத்தில் உடன் நிற்பது தோள் கொடுத்தல், கவனிப்பது காது கொடுத்தல், மதித்துப் பேசுவது முகம் கொடுத்தல், வீண் வம்பில் சிக்குவது வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளுதல். உறுப்பல்லாத 'பிடி'யும் உண்டு. எதற்கும் நேராக விடை சொல்லாதவர் பிடி கொடுக்காமல் பேசுகிறார்.

இவற்றுள் நான் மிகவும் விரும்பும் தொடர் 'கொடுத்து வைத்தவர்'. நற்பேறு உடையவரை இவ்வாறு சொல்கிறோம். இன்று அவருக்குக் கிடைத்திருப்பது, அவர் முன்னரே யாருக்கோ கொடுத்துச் சேர்த்து வைத்தது என்ற எண்ணம் அதில் அடங்கியிருக்கிறது. வாங்கிச் சேர்த்தவரை அல்ல, கொடுத்துச் சேர்த்தவரைப் பேறுடையவர் என்கிறது தமிழ். ஆங்கிலத்தின் 'லக்கி' என்னும் சொல்லில் இவ்வளவும் இல்லை.

எழுதும்போது

பேச்சில் 'தா', 'கொடு' இரண்டும் போதும். எழுத்தில் இன்னும் சில வேண்டும். தலைமையாசிரியருக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதும்போது 'விடுப்புக் கொடுங்கள்' என்று எழுதுவது பிழையன்று. ஆனால் கடைக்குச் சொன்னதுபோல் இருக்கும். 'ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு வேண்டுகிறேன்' என்பதே முறை. அளி என்ற சொல்லுக்கு அருள், இரக்கம் என்ற பொருளும் உண்டு. சான்றிதழும் விருதும் வழங்கப்படுகின்றன. கட்டணமும் வரியும் செலுத்தப்படுகின்றன. வியாழக்கிழமைகளில் பெருந்திரளாக மக்கள் கூடும் நம் விவேக் நகர்க் குழந்தை இயேசு திருத்தலத்திலும், கோயில்களிலும் காணிக்கை 'கொடுப்பதில்லை', செலுத்துகிறார்கள். வழியில் கண்டெடுத்த பணப்பையை உரியவரிடம் ஒப்படைக்கிறோம். அங்கே 'கொடுத்தோம்' என்றால் அது நம்முடைய பையோ என்ற ஐயம் எழும். 'ஒப்படைத்தோம்' என்றவுடன் அது பிறர் பொருள் என்பது விளங்கிவிடும். நண்பனுக்கு வாக்குக் கொடுக்கிறோம், தேர்தலில் வாக்களிக்கிறோம். வாக்கு ஒன்றே, வினை மாறியதும் வீடு விட்டு நாடு போய்விட்டது.

பயிற்சி

அ. பொருத்தமான வினையைத் தேர்ந்து நிரப்புக. (ஊட்டினாள், ஒப்படைத்தான், தந்தார், கொடுத்தார், படைத்தனர், செலுத்தினோம்)

1. மாமா எனக்கு ஒரு பேனா ______. தம்பிக்கு ஒரு பந்து ______.
2. பொங்கலன்று கதிரவனுக்குச் சர்க்கரைப் பொங்கல் ______.
3. அக்கா குழந்தைக்குப் பருப்புச் சோறு ______.
4. பேருந்தில் கிடைத்த கைப்பேசியை நடத்துநரிடம் ______.
5. மின் கட்டணத்தை நேற்றே ______.

ஆ. பின்வரும் வாக்கியங்களைத் தமிழ் மரபுக்கேற்பத் திருத்தி எழுதுக.

1. நாளை அறிவியல் தேர்வு கொடுக்கப் போகிறேன்.
2. விழாவில் அமைச்சர் ஸ்பீச் கொடுத்தார்.
3. எங்கள் பசு நேற்றுக் கன்று கொடுத்தது.

இ. 'விட்டுக்கொடு', 'காட்டிக்கொடு', 'முகம் கொடு', 'கொடுத்து வைத்தவர்' ஆகியவற்றைச் சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக. ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் எவ்வாறு சொல்வீர்கள் என்றும் எழுதி, எது முழுமையாகப் பொருந்தவில்லை என்று வகுப்பில் பேசுக.

ஈ. உங்கள் வகுப்பிலோ தெருவிலோ உள்ள கன்னடம், தெலுங்கு, மலையாளம் பேசும் நண்பர் ஒருவரிடம், 'எனக்குத் தண்ணீர் தா', 'அவளுக்குத் தண்ணீர் கொடு' என்னும் இரண்டையும் அவர் மொழியில் எப்படிச் சொல்வார் என்று கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதுக. வினை ஒன்றாகவே இருக்கிறதா, மாறுகிறதா?

உ. ஊரிலுள்ள தாத்தா அல்லது பாட்டியிடம் தொலைபேசியில் பேசி, 'கொடு' என்னும் சொல் வரும் தொடர்களுள் இப்பாடத்தில் இல்லாத மூன்றைக் கேட்டு எழுதி வருக.